காரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம் என்று டீலர் கடிதம் அனுப்பினால்

கார் வாங்கி இரண்டரை, மூன்று வருடம் ஆகும் வாக்கில் இந்தக் கடிதம் வரும். உறையின் மேல் உங்கள் பெயர், கையால் எழுதியது போன்ற எழுத்தில் இருக்கும். உள்ளே உங்கள் காரின் மாடல், வாங்கிய வருடம், சில சமயம் நிறம்கூட இருக்கும். ‘உங்கள் மாடலுக்கு இப்போது நல்ல கிராக்கி. எங்களிடம் பழைய கார் இருப்பு குறைந்துவிட்டது. 28ஆம் தேதிக்குள் வந்தால் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்துத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். இப்போது கட்டுகிற அதே மாதத் தவணையில் புதிய காரை எடுத்துப் போகலாம்.’ கீழே சேல்ஸ் மேனேஜரின் நீல மைக் கையெழுத்து. தாளைத் திருப்பி விரலால் தடவிப் பாருங்கள். பேனா அழுந்திய தடம் இருக்காது. அதுவும் அச்சுதான்.

இதைக் கிழித்துப் போடவும் வேண்டாம், நம்பி அன்றைக்கே ஷோரூமுக்குக் கிளம்பவும் வேண்டாம். உங்கள் கார் அவர்களுக்கு வேண்டும் என்பது பெரும்பாலும் உண்மை. என்ன விலைக்கு என்பது மட்டும் கடிதத்தில் இருக்காது. அந்த விலையை எழுத்தில் வாங்குவதும், வாங்கும்வரை புதிய கார் பேச்சை அதோடு கலக்க விடாமல் இருப்பதும்தான் நம் வேலை. கேட்பதற்குச் சின்ன வேலையாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு படியிலும் பணம் நழுவ இடம் இருக்கிறது.

உங்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார் விற்ற டீலரிடம் விற்ற தேதி, விலை, கடன் தொகை, வட்டி, எத்தனை மாதத் தவணை என்று எல்லாமே பதிவில் இருக்கிறது. சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்கிறார்கள். இரண்டையும் சேர்த்து ஒரு மென்பொருள் கணக்குப் போடுகிறது. இன்றைக்கு இந்தக் காரை ஏலச் சந்தையில் விட்டால் என்ன கிடைக்கும், வாடிக்கையாளருக்குக் கடன் பாக்கி எவ்வளவு, கழித்தால் மிச்சம் என்ன, அதே தவணைக்கு எந்தப் புது மாடலைக் கொடுக்கலாம். கணக்கு ஒத்து வந்தால் உங்கள் பெயர் பட்டியலில் ஏறிவிடும். கம்பெனி வாரன்டி முடியப் போகிறவர்களும், செலவு அதிகமான பெரிய சர்வீஸ் நெருங்குகிறவர்களும் பட்டியலின் மேல்வரிசையில் இருப்பார்கள். சர்வீஸுக்கு வண்டியை விட்டுவிட்டுக் காத்திருக்கும்போது, ‘சும்மா இருக்கிற நேரத்தில் மதிப்புப் பார்த்துச் சொல்லட்டுமா’ என்று ஒருவர் வந்து உட்காருகிறாரே, அவர் கையிலும் அதே பட்டியல்தான் இருக்கும்.

கடிதத்தை டீலரே எழுதியிருப்பார் என்றும் சொல்ல முடியாது. இதற்கென்றே விளம்பர நிறுவனங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் கடிதம் அச்சடித்து அனுப்பி, மூன்று நான்கு நாள் ‘திரும்ப வாங்கும் மேளா’ என்று நடத்திக் கொடுக்கின்றன. அந்த நாட்களில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவர்களே வெளியிலிருந்து வந்த குழுவாக இருக்கக்கூடும். அடுத்த வாரம் போய்த் தேடினால் அவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். வாயால் சொன்ன எதுவும் செல்லாது என்று நினைத்துக்கொண்டே பேச வேண்டிய இடம் அது.

டீலருக்கு உங்கள் கார் ஏன் வேண்டும்? புதிய காரின் விலையைக் கம்பெனி ஏறக்குறைய கட்டிப்போட்டுவிடுகிறது. பழைய காரில் டீலர் வைப்பதே விலை. அதனால் ஒரு வண்டிக்குக் கிடைக்கும் லாபம் பழையதில்தான் கூடுதலாக இருப்பது வழக்கம். அந்தப் பழைய காரை ஏலத்தில் எடுத்தால் ஏலக் கட்டணம், ஏற்றிவரும் கூலி, உள்ளே என்ன கோளாறு இருக்கிறதோ என்ற பயம் மூன்றும் சேர்ந்து வரும். உங்கள் காரில் அந்தப் பயம் இல்லை. ஒரே உரிமையாளர், சர்வீஸ் முழுவதும் அவர்கள் பட்டறையிலேயே நடந்தது, எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்பது அவர்கள் கணினியிலேயே இருக்கிறது. ‘கம்பெனி சான்று பெற்ற பழைய கார்’ என்று வாரன்டியோடு விற்பதற்கு இதைவிடத் தோதான வண்டி கிடைக்காது. 2021இல் சிப் தட்டுப்பாட்டால் புதிய கார் உற்பத்தி உலகம் முழுக்க நொண்டியபோது இந்தக் கடிதங்கள் குவிந்ததற்குக் காரணம் இதுதான். விற்கப் புது வண்டி இல்லாத டீலர்கள் பழைய வண்டியைத் தேடி அலைந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் பேரம் பேசும் பலம் கார் வைத்திருப்பவர் பக்கம் இருக்கும்.

இரண்டாவது காரணம் நீங்கள். உங்கள் காரை எடுத்துக்கொண்டால் நீங்கள் நடந்து வீட்டுக்குப் போக முடியாது. புதிய கார், அதற்குக் கடன், கடன் பிடித்துக் கொடுத்ததற்குக் கமிஷன், இன்ஷூரன்ஸ், நீட்டிப்பு வாரன்டி, அடுத்த ஐந்து வருட சர்வீஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். கடிதத்தில் சொன்ன ‘கூடுதல் விலை’ இந்த வரிசையில் ஏதோ ஓரிடத்தில் திரும்ப எடுக்கப்படும். எங்கே எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் தடுக்கலாம்.

‘திரும்ப வாங்குதல்’ என்ற சொல்லையும் ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம். சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ காரைத் திரும்ப எடுத்தே தீர வேண்டிய நிலை உண்டு. டீசல் புகைச் சோதனையில் ஏமாற்றியது 2015 செப்டம்பரில் வெளியான பிறகு, வோக்ஸ்வாகன் அமெரிக்காவில் 2 லிட்டர் டீசல் கார்கள் சுமார் 4,75,000 சம்பந்தப்பட்ட ஒரு தீர்வுக்கு 2016இல் ஒப்புக்கொண்டது. காரைத் திருப்பிக் கொடுக்க விரும்பியவர்களுக்கு, விஷயம் வெளியே வருவதற்கு முன்பு காருக்கு என்ன மதிப்பு இருந்ததோ அதை வைத்து விலை கணக்கிட்டார்கள். வாங்கும்போதே ‘இத்தனை வருடம் கழித்து இந்த விலைக்கு எடுத்துக்கொள்வோம்’ என்று எழுதிக் கொடுக்கும் ஒப்பந்தமும் இன்னொரு வகை. அதில் கிலோமீட்டர் வரம்பும், வண்டி எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதும் முன்கூட்டியே இருக்கும். தபாலில் வந்த கடிதம் இந்த இரண்டிலும் சேராது. அது வெறும் எக்ஸ்சேஞ்ச் அழைப்பு. சில கடிதங்கள் ‘முக்கிய அறிவிப்பு’, ‘இறுதி நினைவூட்டல்’ என்ற சிவப்பு எழுத்தோடு, பாதுகாப்புக் கோளாறுக்காகக் கம்பெனி காரைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு மாதிரியே வேடம் போட்டு வரும். சந்தேகம் வந்தால் காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கார் கம்பெனியின் இணையதளத்திலோ அரசின் தளத்திலோ போட்டுப் பாருங்கள். திரும்ப அழைப்பு உண்மையாக இருந்தால் அங்கே தெரியும், அந்த வேலை இலவசம், அதற்காகக் காரை விற்க வேண்டிய தேவையே கிடையாது.

இனி கடிதத்தின் வரிகளைப் பார்ப்போம். ‘வரை’ என்ற சொல் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். ‘சந்தை மதிப்பில் 110 சதவீதம் வரை’ என்றால் 80 சதவீதமும் அதற்குள் அடங்கும். நட்சத்திரக் குறி போட்டிருந்தால் கீழே பொடி எழுத்துக்குப் போங்கள். எந்த விலைப் பட்டியலை வைத்து ‘மதிப்பு’ என்கிறார்கள், எந்த நிலையில் உள்ள காருக்கு, எவ்வளவு கழிப்பார்கள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். ‘மிகையாக ஓடிய கிலோமீட்டர், தேய்மானம், செப்பனிடும் செலவு கழிக்கப்படும்’ என்று ஒரு வரி இருந்தால், மேலே போட்ட 110க்கு அர்த்தமே போய்விடும். காசோலை மாதிரி அச்சடித்த கூப்பன் வைத்திருந்தால், ‘புதிய கார் வாங்கும்போது மட்டும்’ என்று அதன் ஓரத்தில் இருக்கிறதா பாருங்கள். அந்தத் தொகை புதிய காரின் பேச்சில் எப்படியும் கிடைக்கக்கூடிய தள்ளுபடிதான், வேறு பெயரில் வருகிறது.

டீலர் உங்கள் காருக்கு விலை போடும் விதம் ரகசியமில்லை. விற்கப் போகும் விலையிலிருந்து பின்னோக்கிக் கழித்துக்கொண்டு வருவார். ஒரு பேச்சுக்கு, உங்கள் காரைத் துடைத்துத் தயார்செய்து 100க்கு விற்கலாம் என்று வைத்துக்கொள்வோம். டயர், பிரேக், பெயின்ட், பாலிஷ் என்று தயார்செய்ய 7. விற்கும்வரை வண்டி நிற்கும் நாட்களுக்கான வட்டி, விளம்பரம் 3. லாபம் 12. மிச்சம் 78. உங்களுக்குக் கிடைக்கக்கூடியது அந்த 78ஐச் சுற்றித்தான். நேரடியாகத் தனியாளுக்கு விற்றால் 100க்கும் 78க்கும் நடுவே எங்கேயோ நிற்கும், ஆனால் அலைச்சலும் ஆபத்தும் உங்களுடையது. இந்தக் கணக்குத் தெரிந்தால் டீலரிடம் கோபப்பட வேண்டியதில்லை. 78 நியாயமானது. 68 சொன்னால்தான் கேள்வி கேட்க வேண்டும்.

78 பெறுமான வண்டிக்கு 84 தருகிறேன் என்று சொன்னால்? அங்கேதான் மிக அதிகமாகக் கவனிக்க வேண்டும். அந்த 6 புதிய காரின் தள்ளுபடியிலிருந்து எடுத்தது. பழைய காருக்கு 84 என்றதும் மனம் குளிர்ந்துவிடும், புதிய காரை முழு விலைக்கு எழுதுவார்கள். ஷோரூமில் இதற்கென்றே ஒரு பழைய உத்தி இருக்கிறது. வெள்ளைத் தாளில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு நாலு கட்டமாக்குவார்கள். ஒன்றில் பழைய காரின் விலை, ஒன்றில் புதிய காரின் விலை, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை. நீங்கள் எந்தக் கட்டத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்களோ அந்த எண்ணை உங்களுக்குப் பிடித்த மாதிரி மாற்றிவிட்டு, நீங்கள் பார்க்காத கட்டத்தில் சரிக்கட்டிவிடுவார்கள். இன்று அந்தத் தாள் கணினித் திரையாக மாறியிருக்கலாம். கட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன. அந்தத் தாள் வெளியே வந்தால் பேனாவை நீங்கள் வாங்கி, பழைய காரின் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் அடித்துவிடுங்கள்.

‘அதே மாதத் தவணை’ என்பதையும் இதே மாதிரி பிரித்துப் பாருங்கள். ஐந்து வருடக் கடனில் இரண்டு வருடம் கட்டிவிட்டீர்கள். இன்னும் 36 தவணை. கடிதம் சொல்வது போல அதே தவணைக்குப் புதிய கார் கிடைக்கிறது, ஆனால் கடன் ஏழு வருடம் என்றால் 84 தவணை. தவணைத் தொகை மாறவில்லை, கட்ட வேண்டிய மாதங்கள் 48 கூடிவிட்டன. எத்தனை மாதம் என்று கேட்காமல் தவணை பற்றிப் பேசவே கூடாது.

கடன் பாக்கி பற்றியும் நிறையப் பேருக்குத் தவறான நினைப்பு இருக்கிறது. ஐந்தில் இரண்டு வருடம் கட்டியாயிற்று, அசலில் 60 சதவீதம்தான் பாக்கி என்று நினைப்பார்கள். ஆரம்பத் தவணைகளில் வட்டியின் பங்கு அதிகம் என்பதால் அப்படி வராது. குறையும் நிலுவைமேல் வருடத்துக்கு 9 சதவீத வட்டியில் 60 மாதக் கடன் என்றால், 24 மாதம் கட்டிய பிறகும் அசலில் சுமார் 65 சதவீதம் பாக்கி நிற்கும். கார் அதற்குள் அதைவிட வேகமாக விலை இறங்கியிருந்தால், கார் 78 பெறும், கடன் 85 நிற்கும் என்ற நிலை வரும். ‘கவலைப்படாதீர்கள், உங்கள் கடனை நாங்கள் அடைத்துவிடுகிறோம்’ என்ற வரி இப்படிப்பட்டவர்களுக்காக எழுதியது. அடைப்பார்கள், உண்மைதான். துண்டு விழும் 7ஐப் புதிய கடனில் சேர்த்து எழுதுவார்கள். இல்லாத காருக்கு அடுத்த ஏழு வருடம் வட்டி கட்டுவது அது. இந்த நிலையில் இருப்பவர்கள் விற்காமல் இன்னும் ஒரு வருடம் கட்டிவிட்டு யோசிப்பதுதான் நல்லது என்பது என் தீர்மானமான கருத்து. கட்டாயமாக விற்றே ஆக வேண்டுமென்றால் அந்த 7ஐக் கையிலிருந்து கட்டி முடித்துவிடுங்கள், புதிய கடனில் ஏற்ற விடாதீர்கள்.

ஷோரூமுக்குப் போகுமுன் மூன்று எண்கள் கையில் இருக்க வேண்டும். முதலாவது, கடனை இன்று முழுதாக அடைத்தால் எவ்வளவு என்று கடன் கொடுத்தவரிடமிருந்து எழுத்தில். ஆப்பில் தெரியும் அசல் பாக்கி போதாது. முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமும், அன்றுவரையான வட்டியும் அதில் சேர்ந்திருக்காது. கடன் கொடுத்தவர் தரும் அந்தத் தாளில் ஒரு தேதியும், அந்தத் தேதிக்குப் பிறகு ஒரு நாளைக்கு எவ்வளவு கூடும் என்பதும் இருக்க வேண்டும். இரண்டாவது, வேறு இரண்டு இடங்களின் விலை. வேறு பிராண்டு டீலர் ஒருவர், பழைய கார் வாங்கும் நிறுவனம் ஒன்று. ஒரே வாரத்தில், ஒரே கிலோமீட்டரில், வண்டியை நேரில் காட்டி வாங்கிய விலையாக இருக்க வேண்டும். இணையத்தில் படிவம் நிரப்பியதும் வரும் விலை வண்டியைப் பார்த்ததும் இறங்கும், அதை வைத்துப் பேச முடியாது. மூன்றாவது, உங்கள் மாடலை, அதே வருடம், அதே அளவு ஓடியதை மற்றவர்கள் என்ன விலைக்கு விளம்பரம் போட்டிருக்கிறார்கள் என்பது. அது கேட்கும் விலைதான், முடியும் விலை அதற்குக் கீழே இருக்கும்.

சில நாடுகளிலும் மாநிலங்களிலும் பழைய காரின் மதிப்பைக் கழித்துவிட்டுத்தான் புதிய காருக்கு விற்பனை வரி போடுவார்கள். அங்கே மட்டும் கணக்கு மாறும். புதிய கார் 100, பழையது 40, வரி 8 சதவீதம் என்றால் எக்ஸ்சேஞ்சில் 3.2 மிச்சம். வெளியே வாங்குபவர் 43.2க்கு மேல் தந்தால்தான் லாபம். உங்கள் ஊரில் இந்த விதி இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

வண்டியைத் தயார்செய்யும் விஷயத்தில் ஜனங்கள் தேவையில்லாமல் பணத்தை விடுகிறார்கள். உள்ளும் புறமும் நன்றாகக் கழுவுங்கள், டிக்கியைக் காலி செய்யுங்கள், எரியாத பல்பை மாற்றுங்கள், வைப்பர் ரப்பர் கிழிந்திருந்தால் மாற்றுங்கள், சர்வீஸ் தேதி தாண்டியிருந்தால் செய்துவிடுங்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டெண்ட் எடுத்துப் பெயின்ட் அடிப்பது, நாலு டயரும் புதிதாகப் போடுவது, சீட் கவர் மாற்றுவது எல்லாம் போட்ட காசு திரும்பாத வேலை. அதே வேலையை டீலர் தன் பட்டறையில் உங்களைவிடப் பாதிச் செலவில் முடித்துவிடுவார். அதைவிட மோசம், விற்கும் முன் அவசரமாக அடித்த புதுப் பெயின்ட் அடியில் எதையோ மறைப்பதாகச் சந்தேகத்தைக் கிளப்பும். கழற்றி வைத்த ஒரிஜினல் சக்கரம், ஆடியோ இருந்தால் மாட்டிவிடுங்கள். இரண்டாவது சாவியைத் தேடி எடுங்கள். சிப் வைத்த சாவியைப் புதிதாகச் செய்து காரோடு இணைப்பதற்கு ஆகும் செலவை, இல்லாதபோது பேசாமல் கழித்துவிடுவார்கள்.

மதிப்புப் பார்ப்பவர் வந்ததும் கூடவே நில்லுங்கள். பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பார்க்கச் சொல்லுங்கள். ஈரமான உடம்பில் கீறலும் பள்ளமும் தெரியாது, தெரியாததற்கும் சேர்த்துக் குறைத்துத்தான் போடுவார். அவர் கையில் தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய கருவி ஒன்று இருக்கும். பானட், கதவு, கூரை என்று ஒவ்வொன்றிலும் நாலைந்து இடத்தில் வைத்து எடுப்பார். பெயின்ட்டின் தடிமனைக் காட்டும் கருவி அது. கம்பெனி பெயின்ட் பெரும்பாலான கார்களில் 90 முதல் 150 மைக்ரான் இருக்கும். திரும்ப அடித்த இடத்தில் 200ஐத் தாண்டும். பட்டி பார்த்த இடத்தில் 500, 1,000 என்று ஏறும். ஓட்டுநர் பக்கக் கதவில் 120, பின்கதவில் 640 என்றால் வேறெதுவும் சொல்லத் தேவையில்லை. பிளாஸ்டிக் பம்பரில் இந்தக் கருவி வேலை செய்யாது என்பதால் அங்கே இடுக்கின் அகலத்தையும் நிற வேறுபாட்டையும் கண்ணால் பார்ப்பார். அடுத்து பானட்டைத் தூக்கி, முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகடான ஃபெண்டரின் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். உரிந்திருந்தால் ஸ்பேனர் பட்டிருக்கிறது, அந்தப் பாகம் ஒருமுறையாவது கழன்றிருக்கிறது.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்ப்பார். வெள்ளத்தில் நின்ற வண்டியின் சீட்டையும் தரைவிரிப்பையும் மாற்றிவிடலாம், பெல்ட் சுருளுக்குள் படிந்த சேற்றுக் கறை அங்கேயே இருக்கும். டயரின் பக்கவாட்டில் கடைசி நாலு எண்ணைப் படிப்பார். 2321 என்றால் 2021ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. மூன்று டயர் ஒரு தேதி, ஒன்று மட்டும் வேறு என்றால் ஏன் என்று கேட்பார். புது டயரில் பட்டன், அதாவது மேற்பரப்புப் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மில்லிமீட்டர், பல நாடுகளில் சட்டப்படி குறைந்தது 1.6 இருக்க வேண்டும். ஆனால் 3க்குக் கீழே போனாலே டயர் மாற்றும் செலவைப் போட்டுக் கழிப்பவர்கள் உண்டு. பிறகு ஸ்டியரிங்குக்கு அடியில், வண்டியின் கணினிப் பதிவைப் படிப்பதற்காக உள்ள ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகுவார். எச்சரிக்கை விளக்கை அணைக்க முதல் நாள் யாராவது கோளாறுப் பதிவை அழித்திருந்தால் அது ஒளிந்துகொள்ளாது. வண்டியின் கணினி தானே செய்துகொள்ளும் சுயசோதனைகள் ‘இன்னும் முடியவில்லை’ என்று ஸ்கேனர் காட்டும். அவை முடியச் சில நாள் ஓட வேண்டும். இந்த ஏமாற்று வேலையை யாரும் செய்ய வேண்டாம். விளக்கு எரிந்தால் எரிகிறது என்று சொல்லி, பட்டறையில் வாங்கிய செலவு மதிப்பீட்டைக் கொடுப்பதுதான் மலிவாக முடியும். தெரியாத கோளாறுக்குக் கழிப்பது எப்போதும் தெரிந்த கோளாறுக்குக் கழிப்பதைவிட அதிகம். மின்சாரக் கார் என்றால் பேட்டரி எத்தனை சதவீதம் திறனோடு இருக்கிறது என்ற அறிக்கையைச் சர்வீஸ் மையத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். பல கம்பெனிகள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி தருகின்றன, அதில் மிச்சம் இருப்பது விலையைத் தாங்கும்.

அவர் எழுதும் தாளின் நகலைக் கேளுங்கள். எதற்கு எவ்வளவு கழித்தார் என்பது அதில் தனித்தனியாக இருந்தால்தான் பேச முடியும். ‘மொத்தத்தில் நிலைமை சுமார்’ என்று ஒரே எண்ணாகக் கழித்திருந்தால் ஏற்க வேண்டாம்.

பேச உட்கார்ந்ததும் முதல் கேள்வி ஒன்றே ஒன்றுதான். ‘நான் உங்களிடம் எந்தக் காரும் வாங்கப் போவதில்லை. இந்த வண்டியை மட்டும் கொடுத்தால் எவ்வளவு தருவீர்கள்?’ வரும் பதிலில் கடிதத்தின் உண்மை விலை தெரிந்துவிடும். ‘எக்ஸ்சேஞ்ச் என்றால் மட்டும்தான்’ என்று சொன்னால் கடிதத்தில் சொன்ன கிராக்கி உங்கள் காருக்கு இல்லை என்று புரிந்துகொள்ளலாம். விலை சொன்னால் எழுத்தில் கேளுங்கள். தொகை, காரின் அடையாள எண், இன்றைய கிலோமீட்டர், எந்தத் தேதிவரை செல்லும், மேலாளரின் கையெழுத்து ஆகிய ஐந்தும் இருக்க வேண்டும். ‘இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை’ என்பார்கள். பழைய கார் விலை ஒரே நாளில் அப்படிச் சரியாது. புது மாடல் அறிவிப்பு, வாரன்டி முடியும் தேதி, ஆண்டு மாறுவது, 50,000 அல்லது 1,00,000 கிலோமீட்டரைத் தாண்டுவது போன்றவைதான் விலையை ஒரு படி கீழே தள்ளும். இவற்றில் ஏதாவது நெருங்கினால் சீக்கிரம் முடிப்பதில் நியாயம் உண்டு. இல்லையென்றால் தாளை மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் ஒரு ராத்திரி யோசியுங்கள்.

மதிப்புப் பார்க்கக் கொடுத்த சாவியை உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ‘சாவி பட்டறை ஆளிடம் இருக்கிறது, இதோ வந்துவிடும்’ என்று ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசுவது நடக்கிறது. ஒரு சாவி எப்போதும் வீட்டில் இருக்கட்டும். சர்வீஸுக்கு விட்டபோது பேச்சு ஆரம்பித்தால், சர்வீஸ் பில்லைக் கட்டி வண்டியை வெளியே எடுத்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

புதிய காரும் அவர்களிடமே எடுக்கப் போகிறீர்கள் என்றால் கடைசி ஆபத்து ஒன்று இருக்கிறது. புதிய கடனுக்கு வங்கியின் ஒப்புதல் வருவதற்கு முன்பே புது வண்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பழையதை வாங்கி வைத்துக்கொள்வார்கள். பத்து நாள் கழித்து, ‘சொன்ன வட்டிக்குக் கடன் கிடைக்கவில்லை, வந்து வேறு தாளில் கையெழுத்துப் போடுங்கள்’ என்று அழைப்பு வரும். முடியாது என்று சொல்லத் தோன்றும், ஆனால் பழைய கார் அதற்குள் விற்றுப் போயிருக்கும். கடன் ஒப்புதல் எழுத்தில் வரும்வரை பழைய காரின் உரிமை மாற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்புதல் கிடைக்காவிட்டால் பழைய கார் அதே நிலையில் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்காமல் வண்டியை அங்கே விடவும் வேண்டாம்.

குத்தகையில் எடுத்த காருக்கு வரும் கடிதம் சற்று வேறு. ‘மீதி மாதங்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்பார்கள். குத்தகை முடியும்போது காருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் விலையைவிட இன்றைய சந்தை விலை அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம் கணிசமான பணம். ஒப்பந்தப்படி அந்த விலைக்கு வாங்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா, வேறு டீலருக்கு விற்க விடுகிறார்களா என்று பார்க்காமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் அது அவர்களுக்குப் போய்விடும்.

விற்பது முடிவானால் தாள் வேலையில் அவசரம் வேண்டாம். டீலர் கடனை அடைப்பதாகச் சொன்னாலும், கடன் கணக்கு முடிந்தது என்று கடன் கொடுத்தவர் எழுத்தில் சொல்லும்வரை தவணையை நிறுத்தாதீர்கள். பணம் போய்ச் சேர இரண்டு வாரம் இழுத்தால் தவணை தவறியதாக உங்கள் பெயரில்தான் பதிவாகும். கூடுதலாகக் கட்டியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். பதிவுச் சான்றில் கடன் குறிப்பு நீங்கியதா என்றும் பாருங்கள். வண்டியை ஒப்படைத்த தேதி, நேரம், கிலோமீட்டர் மூன்றும் எழுதி டீலரின் முத்திரையோடு ஒரு தாள் வாங்கிக்கொண்டு, பதிவு அலுவலகத்துக்கும் விற்றுவிட்ட தகவலைத் தெரிவியுங்கள். டீலர் அடுத்தவருக்கு விற்று உரிமை மாறும்வரை வரும் அபராதங்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும். அந்தத் தாள் கைக்கு வருமுன் இன்ஷூரன்ஸை ரத்து செய்யாதீர்கள். இன்ஷூரன்ஸில் இழப்பீடு கேட்காத வருடங்களுக்கான சலுகை (நோ கிளெய்ம் போனஸ்) இருந்தால், அதைப் புதிய காருக்கு மாற்றச் சான்று கேளுங்கள்.

கடைசியாக வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து திரையைப் போடுங்கள். உங்கள் போனிலிருந்து இறங்கிய தொடர்புப் பட்டியல், வீட்டு முகவரி, அடிக்கடி போகும் இடங்கள், கேட் திறக்கும் ரிமோட் பதிவு எல்லாம் அதில் இருக்கின்றன. ஒவ்வொன்றாக அழிக்காமல் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். டேஷ்கேமிலிருந்து மெமரி கார்டையும், கண்ணாடியிலிருந்து சுங்கச்சாவடி வில்லையையும் எடுங்கள். காரைப் பூட்டவும் திறக்கவும் இருக்கும் இடத்தைப் பார்க்கவும் போனில் ஆப் வைத்திருந்தால், அதை அழிப்பது போதாது. கணக்கிலிருந்தே காரை நீக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஆப்பை மறுபடி திறந்து பாருங்கள். வண்டி இன்னும் பட்டியலில் தெரிந்தால் டீலரை அழைத்து, அவர் பக்கத்திலிருந்தும் நீக்கச் சொல்லுங்கள்.